பார்க்காமல் போட்ட டிக்

எங்கள் பக்கத்தில் பொய் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் அதைப் பொய் என்று சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. ஊத்துக்கோட்டை ஷேர் ஆட்டோக்காரர் "இன்னும் ரெண்டே பேரு, ஏறுனா கெளம்பிடலாம்" என்று அரை மணி நேரமாகச் சொல்வது உடான்ஸ். சென்னையில் தனக்கு யார் யாரைத் தெரியும் என்று என் கொழுந்தனார் அளப்பது பீலா. என் வீட்டுக்காரர் மூன்று நாள் தாடியோடு வந்து நின்று "சலூன் லீவு" என்பது ரீல். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், சரக்கு இன்னும் மெஷினிலேயே கிடக்கும்போது மேனேஜர் போனில் "வண்டி எளாவூர் செக்போஸ்ட்ல நிக்குது சார்" என்பாரே, அது சால்ஜாப்பு. இதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பொய் என்ற சொல்லை மட்டும் சண்டைக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். அதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் பிறகு அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது.

நான் தினமும் செய்துகொண்டிருந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இப்படி ஒரு சொல்லும் இல்லை. "ஷீட் ஃபில் பண்றது" என்போம், அவ்வளவுதான்.

தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்களுக்கு நான் லைன் இன்ஸ்பெக்டர். காலையில் ஷிஃப்ட் தொடங்குமுன் ஒவ்வொரு மெஷினிலும் எட்டு விஷயங்களைப் பார்த்து டிக் போட வேண்டும். ஐந்தாவது, சென்சார். ஆபரேட்டரின் கை உள்ளே போனால் மெஷினைத் தானாக நிறுத்துவது அதுதான். ஒரு குச்சியை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும், நின்றால் டிக். நான் குச்சியைத் தொட்டதே இல்லை. டீ குடித்துக்கொண்டே மேஜையில் உட்கார்ந்து மொத்த ஷீட்டையும் முடித்துவிடுவேன். ஒருமுறை ஆயுத பூஜை லீவு நாளுக்கும் சேர்த்து டிக் போட்டுவைத்தேன். மேனேஜர் அதிலும் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. எல்லா லைனிலும் இதே கதைதான் என்பது எனக்கு வசதியான சமாதானம்.

இரண்டாம் நம்பர் மெஷினில் ஒருத்தி இருந்தாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், என் வயசு, கான்ட்ராக்ட் ஆள். கம்பெனி வேனில் என் பக்கத்து சீட். ஒரு செவ்வாய்க்கிழமை, கோணலாக மாட்டிக்கொண்ட தகட்டைத் தள்ளிவிடக் கையை நீட்டினாள். மெஷின் நிற்கவில்லை. வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது, தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று அதில் இருந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும்.

"உன் ஷீட்ல டிக் இருக்கேம்மா. அதைத்தான் எழுதியிருக்கேன்," என்றார்.

அந்தத் தாள் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தால், ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் அவளைத் திரும்ப எடுக்க மாட்டார். எஸ்டேட்டில் வேறு எங்கே போனாலும் கவனமில்லாதவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். படித்துப் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். கையெழுத்துப் போட எனக்கு மனசே இல்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் பாதி மனசு இருந்தது. எனக்கும் வேலை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வலது கையில் பெரிய கட்டு. இடது கையால் டீயை நீட்டினாள்.

"எம் மேலதான் தப்பு," என்றாள். "நின்னுடும்னு நெனச்சிக்கினு கைய உட்டுட்டேன். நீதான் டெய்லி செக் பண்றியே, கெட்டுப் போயிருந்தா சொல்லியிருப்பல்ல. நான்தான் இன்னாவோ தப்பா பண்ணிக்கீறேன்."

டீயைக் கீழே வைத்தேன். என் டிக்கை நானே நம்பியதில்லை. இவள் நம்பியிருக்கிறாள், நம்பித்தான் கையை நீட்டியிருக்கிறாள். விரலும் போய், பழியையும் தானே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் செக் பண்லை. ஒரு நாள்கூட பண்லை. அந்த டிக்கு பொய்யி," என்றேன்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"இத அங்க சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்றேன்."

"சொல்லிட்டு அப்புறமா எங்கூட பேசு."

மறுநாள் காலை, கையெழுத்தில்லாத தாளை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், எனக்குச் சொல் தேடிக் கொடுக்க ஆரம்பித்தார். "கவனிக்காம விட்டுட்டேன்னு எழுதலாம். பதிவுல சின்னப் பிழைன்னு எழுதலாம். ஏம்மா உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறே?" அதே ஷீட்டில் அவர் கையெழுத்தும் இருந்தது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பிழை இல்ல சார், பொய். மூணு வருஷமா," என்றேன். சென்சாரைச் சோதிக்காமலே டிக் போட்டேன், ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று வேறொரு தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

மெமோ வந்தது. ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தேன். அந்த வாரம் எல்லா மெஷினையும் சோதித்ததில் இன்னும் இரண்டு சென்சார்கள் செத்துக் கிடந்தன. மாற்றினார்கள். திரும்பிப் போனபோது மற்ற லைன் இன்ஸ்பெக்டர்கள் கையில் குச்சியோடு நின்றுகொண்டு, "உன்னால பேஜாரு" என்று முறைத்தார்கள். முறைத்துக்கொண்டே சோதித்தார்கள். அவள்மேல் பழி போட்ட தாளை எடுத்துவிட்டார்கள், கான்ட்ராக்டரும் மறுபேச்சில்லாமல் அவளை வரச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். வேனில் என்னைத் தாண்டிப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். மெஷின் முன்னால் கைகட்டி நின்றாள். நான் குச்சியை நீட்டினேன். நின்றது.

"இன்னொரு தபா," என்றாள்.

நின்றது.

"இன்னொரு தபா."

அவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்பது புரிந்தது. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, சந்தோஷமாகக்கூட இருந்தது. மூன்றாவது முறையும் நின்றது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து, "போ, அடுத்த மெஷின்ல ஆளு ஒனக்காக நின்னுக்கினு கீது," என்றாள்.