சொல்ல வந்தவள்

அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். எங்கள் கிளினிக்கில் யாரும் அப்படிச் செய்வதில்லை. இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த அந்த மனநலக் கிளினிக்கில் நான் அப்போது நர்ஸாக இருந்தேன். பலகையில் 'மனநலம்' என்ற சொல்லைச் சிறிதாகத்தான் எழுதியிருந்தார்கள். குளச்சல்காரர்கள் இவ்வளவு தூரம் வந்ததே, தெரிந்த முகம் எதிர்ப்படாது என்பதற்காகத்தான்.

அவள் கணவர் ஆட்டோ ஓட்டுபவர். கல்ஃபிலிருந்து திரும்பிய நாள்முதல் உறக்கமில்லை. யாரோ பின்தொடர்வதாக ஒரு பயம். சவாரி வந்ததுபோல் மாதம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப் போவார். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று முதல் நாளே என்னிடம் உறுதி வாங்கியிருந்தார்.

"சிஸ்டர், எனக்க மாப்பிள இஞ்ச வாறாருல்லா?" என்றாள். மருந்து உறையில் கிளினிக்கின் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

"ஆரு வாறா, ஆரு வரல்லன்னு நாங்க செல்லக்கூடாதும்மா. சட்டம் அப்பிடி."

"நீங்க ஒண்ணும் செல்லாண்டாம். நான் ஒரு காரியம்..."

"அதுவும் முடியாது" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவள் சற்று நின்றுவிட்டுப் போனாள். சரியாக நடந்துகொண்டேன் என்றே நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, அவர் ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் இறங்கினார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கரையேற்றினார்கள். உயிர் பிழைத்தது. அவள் வந்துபோனதை நானே சொன்னபோதும் டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "நாம சொல்லக்கூடாதுன்னுதான் சட்டம். அவங்க சொல்றத கேக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்ல" என்றார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன். சாப்பிடவும் செய்தேன்.

இப்போது வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உறவுக்காரர்கள் யாராவது வந்து விசாரித்தால், "நான் எதுவும் செல்லமாட்டேன், நீங்க இருந்து செல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நான் பழைய கிளினிக்கில் இருந்தபோதே, அவர் தேறி, மனைவிக்குத் தெரியட்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அவளும் கூட வந்தாள். அவர் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தபோது என் மேசைக்கு வந்தாள். குரலில் கோபமே இல்லை.

"அண்ணைக்கு நான் கேக்க வரல்ல சிஸ்டர். அவிய மாத்திரைய தின்னாம ஆட்டோ சீட்டுக்க அடியில போட்டு வச்சிருக்காவன்னு செல்லத்தான் வந்தேன்."

அவருடைய ஃபைலை எடுத்து அதை எழுதினேன். அவள் முதலில் வந்த தேதியைப் போடுவதா, இன்றைய தேதியா என்று தெரியாமல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. இன்றைய தேதியையே போட்டேன்.