இடால்மிஸும் மின்சார பைக்குகளும்

கியூபாவின் ஒல்கின் நகரத்து மோட்டார் பைக் பந்தய சங்கத்து மெக்கானிக் இடால்மிஸ் பாதி வாழ்க்கையை வண்டிப் புகையிலேயே கழித்தவள். இந்த வருடம் சங்கத்தார் கை தூக்கி முடிவெடுத்தார்கள்: காற்று கெடக்கூடாது, இனி மின்சார பைக்குகள் மட்டும்தான். புகையால் அலுத்துப்போயிருந்த அவளும் கையைத் தூக்கினாள்.

பந்தயத்தன்று ஊரில் கரண்ட் இல்லை. வழக்கம்தான். பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்ற, தலைவர் லியோவிகில்டோ டீசல் ஜெனரேட்டரை இழுத்து வரச் சொன்னார். அது கிளம்பியதும் மைதானமே புகையில் கறுத்தது.

"தோழரே, இதுக்குப் பழைய பெட்ரோல் வண்டியையே ஓட்டித் தொலைச்சிருக்கலாமே?" என்றாள்.

"அம்மா தாயே, ஆரம்பிக்காதே! ஓடுற வண்டியில புகை வருதா?"

இடால்மிஸ் இருமிக்கொண்டே இன்னும் ஒரு கேன் டீசல் ஊற்றினாள். அதே ஜெனரேட்டரில் ஓடிய ஒலிபெருக்கி கூவியது: "தோழர்களே, நல்லா மூச்சை இழுத்து விடுங்க! இது புகையில்லாப் பந்தயம்!"