பத்து பதினாறுக்கு வந்த மிஸ்டு கால்

என் மேசை இழுப்பறையில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. 2022 டிசம்பர் 23 அன்று, அண்ணனின் கைப்பேசியைப் பார்த்து நான் எழுதிக்கொண்டது. அதில் இருப்பது இவ்வளவுதான்:

“18.12.22, ஞாயிறு இரவு. அப்பா எண்ணிலிருந்து வந்து, எடுக்காத அழைப்புகள். 8.53, ஒன்று. 9.06, ஒன்று. 10.14, இரண்டு. 10.15, ஒன்று. 10.16, ஒன்று. பிறகு 10.19, 10.21, 10.22, 10.24.”

அன்றைக்கு உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவும் பிரான்சும். எங்கள் வீடு அர்ஜென்டினா வீடு. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். 1986 இறுதி ஆட்டத்தைக் குவார்ட்டர்ஸ் பொதுக்கூடத்தில், உட்கார இடமில்லாமல், சுவரில் சாய்ந்து நின்றபடி பார்த்தாராம். அதற்குப் பிறகு இன்னொரு அணியைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. அவரைச் சீண்டுவதற்கென்றே என் மகள் பிரேசில் கட்சிக்குப் போனாள். “எங்க ஊட்ல துன்னுட்டு எங்க ஊட்டுக்கே மஞ்ச சட்ட போட்டுகினு வர்றா பாரு” என்று அவளைத் தெருவில் நிறுத்தி எல்லோருக்கும் காட்டுவார்.

அண்ணன் பாஸ் கிதார் வாசிக்கிறவன். நசரத்பேட்டையில், பெங்களூர் சாலையை ஒட்டிய ஓட்டல் பாரில், வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் அவனும் இன்னும் மூன்று பேரும் பழைய சினிமாப் பாட்டுகளை வாசிப்பார்கள். பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த மூன்று நாள்களில்தான் வந்து விழும். அந்த நாள்களில் கூட்டம் அதிகம் என்பதால் பேண்டுக்கு விடுப்பு கிடையாது. கூட்டமோ ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டம். தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு இவர்களை வாசிக்கச் சொல்வார்கள். மேடைக்குப் பின்சுவரில்தான் அந்தப் பெரிய திரை. இவர்கள் அதற்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். “எனக்குக் கெடச்ச பெரிய கைதட்டல் எல்லாம் கோலுக்குத்தான்” என்பான் அண்ணன்.

அப்பாவுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. “ஊரே மேட்ச் பாத்துகினு கீது. நீ எவனுக்கு நைனா வாசிக்கிற?” என்று கேட்பார். 2018 ஜூன் 30, சனிக்கிழமை. அன்றும் பிரான்சுடன்தான் ஆட்டம். அண்ணன் கிதார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அப்பா அவனை வாசலில் நிறுத்தி ஓர் ஏற்பாடு சொன்னார். நம் கோலுக்கு ஒரு மிஸ்டு கால், எதிரியின் கோலுக்கு இரண்டு. எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. அண்ணன் சட்டைப் பையில் கைப்பேசியை அதிர்வில் வைத்துக்கொண்டு போனான். அன்று நாங்கள் மூன்றுக்கு நான்கு என்று தோற்றோம். மூன்று ஒற்றை, நான்கு இரட்டை, ஆக மொத்தம் பதினொரு தடவை அவன் நெஞ்சு அதிர்ந்தது.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஓட்டல் திரையில் படம் எங்கள் வீட்டுக் கேபிளைவிட அரை நிமிடம் பின்தங்கி வரும். அதனால் பார் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, திரைக்கு முதுகு காட்டி நிற்கிற என் அண்ணனுக்கு மட்டும் கோல் முன்பே தெரிந்துவிடும். டிரம்ஸ் வாசிக்கிறவர் அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டு, முன் மேசைக்காரரிடம், “அண்ணாத்தே, இப்ப ஒண்ணு உழும் பாரு” என்பார். விழும். ஒருவர் அவரைத் தீர்க்கதரிசி என்று நம்பி ஒரு தட்டு சிக்கன் அறுபத்தைந்து அனுப்பினார். இதைக் கேட்டபிறகு அப்பாவின் கோபம் போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும், “இன்னிக்கு இன்னா குடுத்தாங்க?” என்றுதான் முதலில் விசாரிப்பார்.

2022 இறுதி ஆட்டத்தன்று அப்பாவும் அம்மாவும் பாரிவாக்கத்து வீட்டில் இருந்தார்கள். ஓய்வு பெற்றபின் அப்பா கட்டிய வீடு அது. நான் காட்டுப்பாக்கத்தில் என் வீட்டில் இருந்தேன். அங்கிருந்து பாரிவாக்கம் போக எனக்கு அரை மணி ஆகும். நசரத்பேட்டையிலிருந்து அண்ணன் பைக்கில் பத்து நிமிடத்தில் போய்விடுவான்.

8.53, 9.06 இரண்டும் நம் கோல்கள். அதில் ஐயமில்லை. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமைதி. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டது. 10.14-க்கு வந்த இரண்டும் முதல் கோலுக்கானவை. அடுத்த கோலுக்கு 10.15-க்கு ஒன்று, 10.16-க்கு ஒன்று. கணக்கு சரியாக வருகிறது.

அதன்பின் வந்த நான்கையும் அழுத்தியது அம்மா. நாற்காலியில் இருந்த அப்பா ஒரு பக்கமாகச் சரிந்து கீழே விழுந்திருந்தார். அம்மாவிடம் தனியாகக் கைப்பேசி கிடையாது. “அவுரு கை பக்கத்துலயே போனு கெடந்துச்சு. பச்ச பட்டன ரெண்டு வாட்டி அமுக்குனா பெரியவனுக்குப் போவும்னு தெரியும். எடுப்பான்னு அமுக்கினே இருந்தேன்” என்றாள் பிறகு. கத்தியும் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கத்தினால் அது ஆட்டத்துக்குத்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தோம்.

அண்ணன் அப்போது ஒரு நீண்ட பாட்டின் நடுவில் இருந்தான். சட்டைப் பை நிற்காமல் அதிர்வதைப் பார்த்து டிரம்ஸ்காரர் கேட்டார்.

“இன்னா மாமே, நிக்கவே மாட்டேங்குது? இன்னும் எத்தினிதான் வாங்குனோம்?”

“எங்க நைனாவுக்குக் கிறுக்குப் புடிச்சிக்கிச்சி. ரெண்டு கோல் உழுந்ததுக்கு ஊரையே கூப்புடுறாரு” என்றான் அண்ணன். சிரித்தபடி சொன்னான். இந்த வார்த்தைகளை அவனே என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறான். மூன்று முறையும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

பாட்டு முடிந்து அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். இரண்டுக்கு இரண்டு என்றே இருந்தது. அப்படியென்றால் மற்றவை எதற்கு என்று நினைத்தவன், வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அழைப்புக்குத் திருப்பி அழைத்தான். யாரும் எடுக்கவில்லை. அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போயிருந்தாள். அவன் கிதாரை அப்படியே மேடையில் சாய்த்துவிட்டுக் கிளம்பினான். பக்கத்து வீட்டுக்காரர் என்னை அழைத்தபோது மணி 10.27.

பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். நாங்கள் வரவேற்பறையில் நின்றிருந்தபோதே வெளியே வெடி வெடித்தது. அர்ஜென்டினா வென்றுவிட்டது என்று அதில்தான் தெரிந்தது. மறுநாள் காலை பத்து நிமிடம் பார்க்க அனுமதித்தார்கள். அண்ணன் குனிந்து, “மூணுக்கு மூணுப்பா. அப்புறம் பெனால்ட்டில நாலுக்கு ரெண்டு. நம்மதான்” என்று காதில் சொன்னான். அப்பா கண் திறக்கவில்லை. 20-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்தார்.

கொஞ்சம் முன்பே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணன் மருத்துவரிடம் கேட்டான். “அப்படிச் சொல்ல முடியாதுங்க” என்றார். அந்தப் பதிலை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் ஒரு விதமாகத்தான் எடுத்துக்கொண்டான்.

இறுதிச் சடங்கு முடிந்து, 23-ஆம் தேதி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். நாள், மணி, விவரம் என்று எதையாவது குறித்து வைத்துக்கொண்டே இருக்கிறவன் நான். அதற்காக வீட்டில் எல்லோரும் என்னைக் கிண்டல் செய்வார்கள், அண்ணன்தான் அதிகம். இப்போது அவனே கேட்டான். “எல்லாத்தையும் கரெக்டா எழுதி வெப்பியே, இதப் பாத்துச் சொல்லுடா. அந்தப் பத்து பதினாறு. அது கோலா, இல்ல கூப்டாரா?”

அப்பா இரட்டை அழைப்பை எப்போதும் அடுத்தடுத்துத்தான் கொடுப்பார். இரண்டு மணி அடித்ததும் துண்டித்துவிடுவார். 10.16-க்கு வந்தது மட்டும் துண்டிக்கப்படாமல், சரணம் முடிகிற வரை நெஞ்சில் அதிர்ந்துகொண்டே இருந்தது என்கிறான் அண்ணன். அது கோலுக்கான அழைப்பு என்றால், அப்போது அப்பா நன்றாக இருந்தார், அண்ணன் எடுக்காததில் தவறொன்றும் இல்லை. இல்லையென்றால், பத்து நிமிடத் தூரத்தில் இருந்த மகனை அவர் தானே கூப்பிட்டிருக்கிறார்.

நான் செய்து பார்த்தவற்றைக் குறிப்பிட வேண்டும். ஆட்டத்தின் பதிவைப் போட்டு, தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிட்டேன். இரண்டாவது கோல் 10.15-ஐ ஒட்டி வருகிறது, ஆனால் வீட்டுக் கேபிள் எத்தனை நொடி பின்தங்கும் என்பது எனக்குத் தெரியாது. கைப்பேசி நொடியைக் காட்டுவதில்லை. 10.15-க்கும் 10.16-க்கும் இடையில் ஐந்து நொடி இருந்திருக்கலாம், ஒன்றரை நிமிடமும் இருந்திருக்கலாம். தொலைபேசி நிறுவனத்தின் கவுன்டரில் கேட்டேன். “எடுக்காத காலுக்கு எங்ககிட்ட விவரம் கெடைக்காதுங்க” என்றார்கள். அப்பாவின் பட்டன் போனில் போன அழைப்புகள் பத்துக்கு மேல் நிற்காது. அந்த வாரமே துக்கச் செய்தி சொல்ல அதிலிருந்து எல்லோரையும் அழைத்துவிட்டோம். அம்மாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். எத்தனை முறை அழுத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நான்கும் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம் என்றாள். மறுபடி கேட்க மனம் வரவில்லை.

அப்பா கோலுக்காகத்தான் அழுத்தினார் என்று அண்ணனிடம் சொல்லிவிடலாம். நான் சொன்னால் அவன் நம்புவான். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பான்.

தாளில் ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே, அழுத்தியது யார் என்று பிறகு எழுதினேன். மற்ற ஒன்பதுக்கும் எழுதியாயிற்று. 10.16-க்கு எதிரே “உறுதிப்படுத்தப்படவில்லை” என்றுதான் இருக்கிறது.