பிள்ளையாரைச் சுற்றிய புரோகிராம்

அழுகிய முட்டை நாற்றம் என்றால் உங்களுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். எனக்குப் பதினோராம் வகுப்பு ஞாபகம் வரும். உத்திரமேரூரில் நான் படித்த பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் கிப் உபகரணம் என்று ஒரு கண்ணாடிச் சாதனம் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குடங்களை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும் அதிலிருந்து கிளம்புகிற வாயு, ஆய்வகத்தைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, எங்கள் சட்டையில் தொற்றிக்கொண்டு, சாயங்காலம் பெருநகர் போகும் பஸ்ஸில் எங்களோடு டிக்கெட் எடுக்காமல் ஊருக்கே வந்துவிடும். "ஃபர்ஸ்ட் குரூப் பசங்கல்லாம் பின்னாடி போங்கப்பா, ஜன்னலாண்ட நில்லுங்க" என்று கண்டக்டர் விரட்டுவார். நாங்கள் அதை ஏதோ பட்டம் கொடுத்து மேடையேற்றியதுபோல எடுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் போவோம்.

நாற்றம் ஏறிய அளவுக்குப் பாடம் ஏறவில்லை என்பதுதான் உண்மை. இயற்பியலில் தனி ஊசலை ஆடவிட்டு, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால், விடை ஒன்பது புள்ளி எட்டு என்று முன்பே தெரிந்திருந்ததால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஊசல் எத்தனை நொடி ஆடியிருக்க வேண்டும் என்று நானே ஊசலுக்குச் சொல்லிக் கொடுப்பேன். வேதியியலில் உப்பைக் கண்டறியும் சோதனை வந்தபோது மயில்துத்தத்தை மட்டும் முழுதாக மனப்பாடம் செய்துவிட்டுப் போனேன். கையில் கிடைத்ததோ வெள்ளைப் பொடி. பயத்தில் கை தானாக "நீல நிறப் படிகம்" என்று எழுதிவிட்டது. வாத்தியார் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எங்கடா நீலம்?" என்றார். "உள்ள கீது சார், இன்னும் வெளிய வரல" என்றேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்; இன்றைக்கும் அந்த வியாதிக்கு மருந்து கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவன் ஃபர்ஸ்ட் குரூப்பில், அதுவும் கம்ப்யூட்டர் பிரிவில் எப்படிச் சேர்ந்தான் என்றால், அது அம்மாவின் வேலை. நைனாவுக்கு என்னை மோட்டார் ரீவைண்டிங் கடையில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. எங்கள் கழனியில் இருந்த பம்ப்செட் மோட்டார் மாதத்துக்கொரு தரம் படுத்துக்கொள்ளும்; வீட்டிலேயே ஒரு மெக்கானிக் இருந்தால் வசதி என்று பார்த்தார். அம்மாவோ காஞ்சிபுரத்தில் ஒரு வங்கிக்குள் ஒரே ஒரு முறை நுழைந்து கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தவள். "ஏசி ரூம்ல உக்காந்துகினு அந்தப் புள்ள வேலை செய்யறான் பாரு, சாயங்காலம் வரைக்கும் சட்டை கசங்கல" என்று மூன்று நாள் இதையே சொல்லிச் சாதித்தாள். "முதல்ல இவன சட்டைய ஒயுங்கா போடச் சொல்லு" என்று நைனா விட்டுக்கொடுத்தார். அம்மா வாதாடி ஜெயித்த ஒரே வழக்கு நான்தான்; அந்த வழக்குதான் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே தோற்கப் பார்த்தது.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே மஞ்சள் குங்குமம் வைத்த மானிட்டர்கள், எங்கள் கூட்டத்துக்குப் போதாத எண்ணிக்கையில், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடத்தில் ஓலையைப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்த ஊர் அல்லவா. எந்திரத்தின் முன்னால் இன்றைக்கு யார் உட்காருவது என்பதையும் மிஸ் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார். கல்லூரி முடித்த கையோடு வேலைக்கு வந்திருந்த மிஸ் அவர். ஒரு வெள்ளிக்கிழமை என் சீட்டு விழுந்தது.

என் பெயரைத் திரையில் பத்து முறை காட்ட வேண்டும். பாடத்திலேயே மிக எளிய புரோகிராம். பேசிக் என்ற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் பத்து, இருபது என்று எண் உண்டு. எல்லாவற்றையும் உருப்போட்டிருந்தேன். ஆனால் "ஐ ஈக்வல் டு ஐ பிளஸ் ஒன்" என்று ஒரு வரி வரும், அது மட்டும் என் மனசாட்சிக்கு ஒத்துவரவில்லை. ஐ எப்படி ஐயோடு ஒன்றைக் கூட்டியதற்குச் சமமாகும்? இரண்டு பக்கமும் ஐயை அடித்தால் பூஜ்யம் சமம் ஒன்று என்று வரும். இதைக் கணக்கு வாத்தியார் பார்த்தால் பிரம்பு ஒடியும். புத்தகத்தில் அச்சுப்பிழை என்று முடிவு செய்து, பெருந்தன்மையோடு அந்த வரியை விட்டுவிட்டுத் தட்டினேன்.

சேகர், சேகர், சேகர் என்று திரை நிரம்பியது. பத்தாகும், நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. சேகர்கள் கீழிருந்து கிளம்பி மேலே ஓடி மறைய மறைய இன்னும் சேகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எந்திரத்துக்குச் சாமி வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துச் சொத்து என்னால் எரியப்போகிறது என்று தோன்றியது. "கரண்ட அமுத்துங்க! கரண்ட அமுத்துங்க!" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்து, கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் ஓடினேன். மூச்சு வாங்கக் குனிந்து பார்த்தால் இரண்டு காலிலும் பெண்பிள்ளை செருப்பு.

திரும்பி வந்தபோது மிஸ் ஏதோ இரண்டு விசையை அழுத்தி எந்திரத்தை அமைதிப்படுத்தியிருந்தார். "ஒரு வரியக் காணோமே சேகர், ஏன் விட்ட?"

"அது தப்பு மிஸ். ஐயும் ஐ பிளஸ் ஒன்னும் சமமே கிடையாது."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "அது கணக்கு இல்லப்பா, கட்டளை" என்றார். புரிந்ததுபோல் தலையாட்டினேன். என் தலையாட்டலைப் பற்றி அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. "திங்கட்கிழமை நீயே ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டு. அது ஏன் நிக்குதுன்னும் சொல்லு. இல்லன்னா ஹெச்.எம்.கிட்ட சொல்லி வேற குரூப்புக்கு மாத்திடறேன். புரியாமலே ரெண்டு வருஷம் உக்காந்திருந்தா உனக்குத்தான் கஷ்டம்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். கனிவாகச் சொன்னதால் பஸ்ஸில் வீடு வரைக்கும் அதையே எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன். மறுநாள் நைனாவுக்கு விஷயம் எட்டியதும், "மாத்தட்டும். குரூப்பும் வாணாம் ஒன்னும் வாணாம், நாளைக்கே கடைல கொண்டாந்து வுட்டுடறேன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். "சாயங்காலம் பிள்ளையார் கோயிலுக்கு வா" என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் அரசமரத்தடிப் பிள்ளையார். ஏதாவது வேண்டிக்கொண்டால் நூற்றெட்டுச் சுற்று சுற்றுவது அம்மாவின் வழக்கம். எண்ணிக்கை தவறாமல் இருக்கப் புளியங்கொட்டைகளை மடியில் முடிந்துகொண்டு, சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவாள். முந்தின தரம் முடிச்சு அவிழ்ந்து கொட்டையெல்லாம் சிதறிவிட்டதால், இந்தத் தரம் ஒரு கிண்ணத்தில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "நான் ஒவ்வொரு வாட்டி வரும்போதும் ஒன்ன எடுத்து அந்த எலைல போடு. கிண்ணம் காலியானா சொல்லு."

ஒரு கையில் புத்தகம், இன்னொரு கை கிண்ணத்தில். அம்மா அப்போதெல்லாம் நடந்தால் சேலை படபடக்கும். வந்த வேகத்தில் மரத்துக்குப் பின்னால் மறைந்து, நான் ஒரு வரி படித்து முடிப்பதற்குள் மறுபடி முன்னால் நிற்பாள். முதலில் சரியாகத்தான் செய்தேன். பிறகு அந்தப் பாழாய்ப்போன வரிக்கு வந்து, ஐயையும் ஐ பிளஸ் ஒன்னையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்ததில், கை மட்டும் தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்தது. அம்மா வந்தால் ஒரு கொட்டையை எடுக்கும். எடுத்ததைக் கிண்ணத்திலேயே போடும்.

வெயில் இறங்கியது. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த சரசா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா கோமதி, ஊருக்கே சேத்து வேண்டிக்கினு சுத்துறியா?"

"எவ்ளோடா கீது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கடந்தாள்.

"கீதும்மா, கீது."

இன்னும் பல சுற்று கழித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் நின்றுவிட்டாள். "டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற? அப்ப பாத்த அதே கிண்ணம் அப்டியே ரொம்பி கீது!"

குனிந்து பார்த்தேன். இலையில் ஒரு பிடி கொட்டைகூட இல்லை. அந்தக் கொஞ்சத்துக்குப் பிறகு கிண்ணம் குறையவே இல்லை. குறையாத கிண்ணத்தை நம்பி அம்மா சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் விட்டுவிட்ட வரியை நம்பி அந்த எந்திரம் ஓடியதுபோல. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டை இலைக்கு மாறினால்தானே சுற்று ஒரு நாள் நிற்கும்? இதுவரை எத்தனையோ, அதோடு ஒன்றைச் சேர், இனிமேல் அதுதான் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்: அந்த வரி சொன்னது இவ்வளவுதான். சமம் என்ற பேச்சே அங்கே இல்லை.

"அம்மா! புரிஞ்சிப்போச்சு! நீதாம்மா கம்ப்யூட்டரு! நான் ஒரு வரிய வுட்டுட்டேன்!"

"காலு கயண்டு போச்சு, இவன் இன்னாமோ பேசறான் பாரு" என்று அம்மா சரசா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் காலைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "கணக்கு இல்லாம சுத்துனா வேண்டுதல்ல சேராதே" என்று கவலையோடு மறுபடி எழுந்தாள்.

"நீ உக்காரு. நான் சுத்தறேன். நீ கொட்டைய மாத்து."

அன்றைக்கு நான் பிள்ளையாரைச் சுற்றியபடி புரோகிராமை வரி வரியாகச் சத்தமாகச் சொன்னேன். முன்னால் வந்து "ஐ ஈக்வல் டு ஐ பிளஸ் ஒன்" என்று நான் சொல்லும்போதெல்லாம், அதுவும் ஏதோ மந்திரம் என்று அம்மா பயபக்தியோடு ஒரு கொட்டையை இலைக்கு மாற்றினாள். "இது எந்தக் கோயில் சுலோகம்?" என்று சரசா அக்கா கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் சுலோகம். அவனுக்கு எல்லாம் மனப்பாடம்" என்றாள், அவ்வளவு பெருமையாக.

திங்கட்கிழமை என்னைத் தனியாக உட்கார வைத்தார் மிஸ். என் பெயருக்குப் பதிலாக அம்மாவின் பெயரைப் போட்டேன். கோமதி, கோமதி, கோமதி என்று வரிகள் ஓடின. என் கால் தன்னிச்சையாக வாசல் பக்கம் திரும்பியிருந்தது. நூற்றெட்டு வந்தது, நின்றது. அந்த நிசப்தம்போல் ஒரு சங்கீதத்தை நான் அதன்பிறகு கேட்கவில்லை.

"யாரு கோமதி?" என்று பின்வரிசையில் ஒருவன் இழுக்க, வகுப்பே "ஓ..." என்றது.

"எங்கம்மாடா!"

"சரி, ஏன் நின்னுச்சு?" என்றார் மிஸ்.

"சுத்துக்கு ஒரு கொட்டை மாத்தறோம் மிஸ். கொட்டை தீந்துச்சு, நின்னுடுச்சு." கோயிலில் நடந்ததைச் சொன்னேன். அவர் வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "எல்லாருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

அதன்பிறகு உப்பைக் கொடுத்தால் முதலில் அதன் நிறத்தைப் பார்த்தேன். என் ஊசல் ஒன்பது புள்ளி எட்டுக்கு வரவில்லை. வராததை வராதபடியே எழுதினேன். நைனா மட்டும், "அந்த ரீவைண்டிங் கடைக்காரன் பொயச்சான்" என்றார்.

இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் புரோகிராம் எழுதித்தான் பிழைக்கிறேன். சட்டை கசங்குவதில்லை, மற்றதெல்லாம் கசங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். சாலையை அகலமாக்கியதில் அரசமரம் போய்விட்டது. பிள்ளையாரைச் சுவரை ஒட்டி ஒரு சிறிய கொட்டகைக்குள் வைத்திருக்கிறார்கள், சுற்றிவர வழியில்லை. நின்ற இடத்திலேயேதான் சுற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அதுவே பெரிய காரியம். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, பாதம் பாதமாக நகர்த்தி, ஒரே ஒரு சுற்று சுற்றி நின்றாள். சேலை படபடத்த அந்த நடை எந்த வருஷத்தில் போனது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், மறுநாள் ஆபீசில் ஒரு முக்கியமான வேலையை ஓட்டிக் காட்ட வேண்டியிருப்பதை நினைத்து, "நல்லா வேண்டிக்கினியாம்மா?" என்று கேட்டேன்.

"உனக்கு இல்லடா. இந்த வாட்டி என் முட்டிக்கு வேண்டிக்கினேன்" என்றாள்.

நியாயந்தான் என்று சிரித்தேன். ஆனால் இந்த வயதில், முதல் தடவையாக, யாரும் எனக்காக வேண்டிக்கொள்ளாத ஒரு திங்கட்கிழமைக்குப் போகப்போகிறேன் என்பது உறைத்தபோது, திரும்பிக் கொட்டகைப் பக்கம் நானே ஒரு கும்பிடு போட்டேன்.