ஒரு நிபந்தனை குறைகிறது

நேற்றுச் சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்று பஜ்ஜி தின்றேன். டாக்டர் வேண்டாமென்று சொன்ன பொருள் என்பதால் அவசரமாகத் தின்றேன். கையைத் துடைக்கும்போதுதான் தாளைக் கவனித்தேன். ஏழு பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்; யாருக்கு இடப்பக்கம் யார் என்று கேள்வி. நாலாவது ஆள்மேல் எண்ணெய் இறங்கி, ஆளே தெரியவில்லை. சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கான கைடில் கிழித்த பக்கம். எண்ணெய் வாசனைக்கு அடியில் மட்டமான தாளும் பசையும் மையும் கலந்த அந்தப் பழைய நெடி இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஜ்ஜி என்ன செய்யும், பாவம்.

தொண்ணூறுகளின் கடைசியில் இதே நெடிக்குள் ஒரு கோடை முழுவதும் எங்கள் வீடு இருந்தது. நான் அப்போது கோர்ட்டில் சிரஸ்தார், அதாவது அலுவலகத்தின் தலைமை எழுத்தர். எந்த மனுவை எந்தப் படிவத்தில் எத்தனை பிரதி போட வேண்டும் என்று வக்கீல்களே என்னிடம்தான் கேட்பார்கள். என் மகள் ஜெசிந்தாவுக்கு வெளிமாநிலத்துப் பெரிய சட்டக் கல்லூரியில் சேர ஆசை. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் பாதி உயிரை வாங்குவது புதிர்ப் பகுதி. ஆறு பேர், ஆறு நாற்காலி, நாலைந்து நிபந்தனை, யார் எங்கே? இதற்கு எதைப் படிப்பது என்று சொல்ல எங்கள் திண்டுக்கல்லில் ஆள் கிடையாது. இன்டர்நெட் என்பது கொடைக்கானல் போகும் வெள்ளைக்காரர்கள் வத்தலக்குண்டில் இறங்கி விசாரிக்கிற சங்கதி.

மணிக்கூண்டுப் பக்கம் ஒரு கைடுக் கடை இருந்தது. மூன்று கைடுகளை எடுத்துப் போட்டார் கடைக்காரர். மூன்றும் பாலிதீன் உறைக்குள்.

"அண்ணே, ஒவ்வொண்ணுலயும் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாத்துக்கிறேன்" என்றாள் ஜெசிந்தா.

"ஏத்தா, பிரிச்சா வாங்கணும். செத்த நேரம் உக்காந்து படிச்சிட்டுப் போக இது என்ன லைப்ரரியா?"

"பாக்காம எப்படிண்ணே எடுக்கிறது?"

"தடிமனப் பாரு. இம்புட்டுத் தடியா வேற எவன் போடுறான்?"

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்குகிறவர் காம்பைக் கிள்ளிப் பார்க்கலாம், சொத்தையை எடுத்து எறியலாம், வியாபாரியின் பரம்பரையையே இழுக்கலாம். பிள்ளையின் எதிர்காலத்தை மட்டும் உறையோடு தடவிப் பார்த்து வாங்க வேண்டும். எந்தச் சட்டத்தில் இப்படி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

மூன்று கைடுகளில் தடியன் எவனோ அவன் வீட்டுக்கு வந்தான். நாலாம் நாள் ஜெசிந்தா அவனைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"அப்பா, இதுல ஒரு நிபந்தனை கொறையுது. வெள்ளிக்கிழமைக்கு ராமுவையும் போடலாம், சோமுவையும் போடலாம். ரெண்டுமே சரியா வருது. பின்னாடி விடையில சோமுன்னு மட்டும் இருக்கு."

தினமும் வழக்குப் பட்டியல் போட்டுப் போட்டுத் தேய்ந்த ஆள் நான். எந்தச் சாட்சி எந்த நாள் வருவான், எந்த வக்கீல் எங்கே இருப்பார் என்பதுதானே என் பிழைப்பு? போட்டுப் பார்த்தேன். பிள்ளை சொன்னதுதான் சரி. எங்கோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைத் திருடி, ஜானை ராமுவாகவும் பீட்டரைச் சோமுவாகவும் மாற்றியவர், அவசரத்தில் ஒரு வரியைத் தின்றிருந்தார். திருட்டிலாவது ஒழுங்கு வேண்டாமா? அதற்கப்புறம் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் இதே கதை.

கடைக்குப் போனேன்.

"அச்சுல வந்தத நான் என்ன சார் பண்ணட்டும்?" என்றார் கடைக்காரர். "உங்க கோர்ட்டுத் தீர்ப்புலயே தப்பு வருது. அதான மேல்கோர்ட்டு வச்சிருக்கான்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பதிப்பகத்துக்குப் பிழைகளை வரிசைப்படுத்தி, ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபால் அனுப்பினேன். அட்டை முத்திரையோடு திரும்பியது. பதில் வரவில்லை.

"என்னங்க, அட்டைய பிரேம் போட்டு மாட்டிருவமா?" என்று கேட்டாள் என் மனைவி.

வேறு கைடு வாங்கினோம். அது தடியனுக்குத் தம்பி. அதே ராமு, அதே சோமு. ஆனாலும் ஜெசிந்தா விடவில்லை. எந்தப் புதிரில் எந்த வரி குறைகிறது என்று கண்டுபிடிப்பதே அவளுக்குப் படிப்பாகிவிட்டது. ஓரத்தில் 'நி.கு.' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். நிபந்தனை குறைகிறது.

தேர்வு சென்னையில். வெளியே வந்தவள் முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"நல்லா எழுதிருக்கேன்ப்பா. கடைசிப் புதிர் மட்டும் நி.கு. அதோட அஞ்சு கேள்வியவும் விட்டுட்டேன்."

"அங்கயுமா?"

"எல்லாரும் ஒரே எடத்துல திருடுவாங்க போலப்பா" என்று சிரித்தாள்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் புதிரை விரலால் தொடைமேல் எழுதிக்கொண்டே வந்தாள். விழுப்புரம் தாண்டியிருக்கும். விரல் நின்றது.

"அப்பா."

"என்னம்மா?"

"எல்லாம் இருந்துச்சுப்பா. அந்த நிபந்தனைய நம்பர் போட்டுத் தனியாக் குடுக்கல. மொதப் பத்தியிலயே சொல்லிருந்தாங்க. நாந்தான் இதுவும் நம்ம கைடு மாதிரின்னு..."

வாங்கிய இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே வீட்டுக்கு வந்தது. அந்த ஐந்து கேள்வியின் மதிப்பெண் அளவில்தான் கல்லூரி இடமும் தவறிப்போனது.

அவள் இங்கேயே பட்டம் முடித்து, மதுரையில் சட்டம் படித்து, இன்று வக்கீலாகத்தான் இருக்கிறாள். "அப்புறம் என்னய்யா கோபம்?" என்பார்கள் நண்பர்கள். பத்திரத்தில் எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளை மிஞ்ச ஆளில்லை என்று கோர்ட்டில் சொல்கிறார்கள். அவள் ஒவ்வொரு தாளையும் முதல் பத்தியிலிருந்து திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது அந்த ரயில் ஜன்னல்தான்.

பஜ்ஜித் தாளைப் பற்றிப் போனில் சொன்னேன்.

"அந்தப் பழைய புதிரெல்லாம் இப்ப பரீட்சையில கேக்கிறதே இல்லப்பா" என்றாள். "அத விடுங்க. பஜ்ஜி எதுக்குத் தின்னீங்க?"

கைடுக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கடைக்காரர் காலமாகிவிட்டார். பதிப்பகத்தின் விலாசத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. 'விலாசத்தில் ஆள் இல்லை' என்று எழுதி கோர்ட்டு அமீனா திருப்பிக் கொண்டுவரும் சம்மன்களை வருஷக்கணக்கில் வாங்கிவைத்தவன் நான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறேன்: கதவில் ஒட்டலாம், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம். இந்த வழக்கில் ஒட்டுவதற்குக் கதவுகூட இல்லை.