திங்கட்கிழமையைத் தவறவிட்ட தூதர்

ஜாஸ்பரைத் ‘தூதரே’ என்று கூப்பிட நெய்வேலியில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். மற்றவர்களுக்கு அவன் கான்ட்ராக்டில் ஓர் ஆள். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை மண்வெட்டியால் அள்ளி, மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற வேலை. அள்ளி முடித்து நிமிர்ந்தால் அள்ளிய இடத்தில் மறுபடி சிந்திக் கிடக்கும். ஒன்பது வருடத்தில் கான்ட்ராக்டர் மூன்று முறை மாறினார், அடையாள அட்டையின் நிறம் நான்கு முறை மாறியது. மண்வெட்டி மாறவில்லை.

அந்தப் பதினெட்டுப் பேர் ‘ஏழு கோட்டை’ என்கிற செல்போன் விளையாட்டில் ‘அனல்படை’ என்ற கூட்டணியைச் சேர்ந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஊழியர்கள். மீதி, பெர்மனென்ட் வீட்டுப் பிள்ளைகள். தலைவன் இளம்பரிதி, ராட்சதச் சக்கரம் வைத்து மண் வெட்டும் இயந்திரத்தின் ஆபரேட்டர். கோட்டை கட்டுவான், படை திரட்டுவான், ஜெயித்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி சிரிப்பான். பக்கத்துக் கூட்டணிகளோடு பேசிப் பேசி ஒப்பந்தம் போடுவதற்கு அவனுக்குப் பொறுமை இல்லை. குழுவில் கடைசியாகச் சேர்ந்த ஜாஸ்பரின் தலையில் அதைக் கட்டினான்.

ஜாஸ்பருக்கு அது கைவந்தது. அதிகம் பேச மாட்டான். ஆனால் யார் எந்த வார்த்தைக்கு இறங்கி வருவார்கள் என்று பார்த்துவைத்துக்கொள்வான். இரண்டு வருடத்தில் ஐந்து கூட்டணிகளோடு ஒப்பந்தம் போட்டான். நான்கு சிறியவை, வாரம் ஒருமுறை புதுப்பித்தால் போதும். பெரியது நெல்லிக்குப்பம் ஆட்கள் நடத்தும் ‘கரும்புக்காடு’. அதைத் தினமும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் நட்புறவு போனஸ் கொஞ்சம் ஏறும். ஏறிய போனஸ் மதில்களில் பலமாகச் சேரும். நாற்பத்து மூன்று சதவீதம் வரை ஏற்றியிருந்தான்.

“போனஸ் போனஸ்னு குதிக்கிற, வூட்டுக்கு எப்ப வரும் அது?” என்பாள் லிடியா, மருந்துக்கடையில் பில் போடும் அவன் மனைவி. “ஊரெல்லாம் சமாதானம் பேசுற தூதருக்குக் கேஸ் சிலிண்டர்காரன்கிட்ட ரெண்டு வார்த்த பேசத் தெரியில.”

போன புதன்கிழமை விளையாட்டின் விதிகளை மாற்றினார்கள். அறிவிப்பு ஆங்கிலத்தில் நீளமாக வந்தது. ஜாஸ்பர் அதை மூன்று தடவை படித்து, தமிழில் தட்டச்சு செய்து குழுவில் போட்டான். ஒன்று: முன்பெல்லாம் ஒரு நாள் விட்டுப்போனால் போனஸ் ஏறாது, அவ்வளவுதான், இனி தினசரி ஒப்பந்தத்தை ஒரு நாள் புதுப்பிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, போனஸ் பூஜ்யம். இரண்டு: போனஸ் இனி கூட்டணியின் சொத்து அல்ல, தூதரின் பெயரில் நிற்கும். தூதர் வெளியேறினால் அதுவும் போகும். அதே தேதியில் அவர் திரும்பி வந்தால் மட்டும் பாதி மிஞ்சும்.

நான்கு நொடியில் இளம்பரிதியிடமிருந்து கட்டைவிரல் வந்தது. அவ்வளவையும் நான்கு நொடியில் ஒருவன் படித்திருக்க முடியாது என்பதை ஜாஸ்பர் கவனித்தான்.

ஞாயிறு வரை தினமும் மதியம் புதுப்பித்தான். திங்கட்கிழமை நைட் ஷிப்ட் ஆரம்பம். பெல்ட் ஓடுகிற இடத்துக்குப் போனைக் கொண்டுபோகக் கூடாது. வண்டி சீட்டுக்கு அடியில் பூட்டிவைத்துவிட்டுப் போவான். நைட் ஷிப்ட் வாரங்களில் காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, டீ சொல்லிவிட்டு, அன்றைய கணக்கைத் தீர்ப்பதுதான் அவன் வழக்கம். திங்கள் இரவு பத்து மணிக்கு உள்ளே போனவன் செவ்வாய் காலை வெளியே வந்தாலும் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், அது திங்கட்கிழமை ஹாஜர்தான். ஆறு மணிச் சங்கு ஊதினால்தான் திங்கள் முடியும். ஒன்பது வருடமாக அவனுக்கு நாள் அப்படித்தான் முடிந்துகொண்டிருந்தது.

செவ்வாய் காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திறந்து பார்த்தபோது, கரும்புக்காடு என்ற பெயருக்கு எதிரே பூஜ்யம் இருந்தது. கீழே, கடைசியாகப் புதுப்பித்தது ஞாயிறு என்று இருந்தது. விளையாட்டின் திங்கட்கிழமை நள்ளிரவிலேயே முடிந்துவிட்டிருந்தது. அவன் உள்ளே கரி அள்ளிக்கொண்டிருந்தபோது கரும்புக்காட்டுப் படை வந்து இளம்பரிதியின் இரண்டு கோட்டைகளை எடுத்துவிட்டுப் போயிருந்தது.

கரும்புக்காட்டின் தலைவி பிரபாவதி, நெல்லிக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். அவளுக்கு எழுதினான்.

“இருநூத்திப் பதினாலு நாள் பழக்கங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

பதில் உடனே வந்தது. “ஒப்பந்தம் இல்ல, மதிலும் பலமில்ல. பாத்துக்கினு சும்மா இருக்க நாங்க என்ன சாமியாருங்களா? ஒங்க தலைவரு எங்க எடத்துல இருந்தா வுட்ருப்பாரா?”

இளம்பரிதி விட்டிருக்க மாட்டான். அது ஜாஸ்பருக்கும் தெரியும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடியிருப்பின் பிளாக் மைதானத்துக்கு வரச் சொல்லி இளம்பரிதியிடமிருந்து செய்தி. இரவு வேலைக்குத் தூங்க வேண்டிய நேரம். தூங்காமல் போனான். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், முதலிலிருந்து போனஸை ஏற்றிவிடலாம் என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வண்டி ஓட்டினான். தூதர் என்ற பெயர் போய்விடக் கூடாது. அதற்குப் பிறகு அவனிடம் அட்டையின் நிறம்தான் மிஞ்சும்.

வேப்பமரத்தடியில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. அவன் இறங்குவதற்குள் இளம்பரிதி ஆரம்பித்தான்.

“வாங்க தூதரே. எவ்ளோக்கு வித்த?”

“இல்லண்ணே. நைட் ஷிப்ட். வெளிய வந்து போடலாம்னு—”

“கேட்டீங்களா? தெனமும் போடணும்னு இவனே எழுதி அனுப்பறான். இவனே போடல. தெனமும் அந்த ஜெராக்ஸ் கடைக்காரிகிட்ட என்னடா பேச்சு ஒனக்கு?”

“ஒப்பந்தம் புதுப்பிக்கிற பேச்சுதாண்ணே. திங்கக்கெழம ஷிப்ட்டு முடியிறது செவ்வாக் காலையிலதான? அந்தக் கணக்குல…”

யாரோ சிரித்தார்கள். டைம் ஆபீசில் மஸ்டர் எழுதும் சிங்காரவேலு மட்டும் தலையை ஆட்டினார். “அவன் சொல்றது சரிதான் பரிதி. நானே அப்படித்தான் எழுதுறேன். நைட்டு ஆளுக்குக் காலையில ஆறு வரைக்கும் முந்தின தேதிதான்.”

“கேமு என்ன ஒங்க மஸ்டர்லயா ஓடுது?” என்றான் இளம்பரிதி. “ரெண்டு வருசமாக் கட்டின கோட்டைண்ணே. இவனுக்கு என்ன, எழக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இவனாட்டம் ஆளுங்க எங்க போனாலும் நாளெண்ணிக்கினு நிப்பானுங்க. கான்ட்ராக்ட் புத்தி.”

ஒருவரும் ஜாஸ்பரைப் பார்க்கவில்லை. ஒருவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான். சிங்காரவேலு செருப்பின் வாரைச் சரிசெய்தார். இதே வார்த்தையை ஜாஸ்பர் பெல்ட்டடியில், கேன்டீனில், சைக்கிள் ஷெட்டில் கேட்டிருக்கிறான். அங்கெல்லாம் அது காற்றோடு போய்விடும். இங்கே போகவில்லை.

“தூதர் வேலைய என் மச்சான் அருண்குமாரு பாத்துக்குவான்” என்று இளம்பரிதி போனை எடுத்தான். “ஒன்னக் குழுவுலேர்ந்தே எடுக்கறேன்.”

நான்கு சிறிய ஒப்பந்தங்கள் ஜாஸ்பரின் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் முப்பதுக்கு மேல் போனஸ். எல்லாம் அவன் பெயரில். இளம்பரிதியின் மீதிக் கோட்டைகள் அந்தப் பலத்தில்தான் நின்றுகொண்டிருந்தன.

“அண்ணே, ஒரு நிமிசம். ரெண்டாவது விதி—”

“விதியெல்லாம் நீ எனக்குச் சொல்லாத. வாய மூடிக்கினு போ.”

ஜாஸ்பர் வாயை மூடிக்கொண்டான். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சத்தமாகச் சொல்லியிருந்தால் சிங்காரவேலுவாவது கேட்டிருப்பார். அந்தக் கட்டைவிரல் கீழே இறங்குவதைப் பார்த்தபடி நின்றான்.

அவன் போன் ஒருமுறை அதிர்ந்தது. ‘நீங்கள் அனல்படையிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.’

அடுத்த நொடி மற்ற எல்லாப் போன்களும் அதிர்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு முறை. ஒவ்வொருவரும் குனிந்து பார்த்தார்கள்.

“என்னடா இது, எல்லாம் பூஜ்யமாவுது” என்றான் ஒருவன்.

சிங்காரவேலு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குழுவில் பழைய செய்தியைத் தேடி எடுத்து, நிதானமாக வாய்விட்டுப் படித்தார். “தூதர் வெளியேறினால் அதுவும் போகும். அதே தேதியில் அவர் திரும்பி வந்தால் மட்டும் பாதி மிஞ்சும்.” படித்துவிட்டு, “புதன்கிழமையே போட்டுட்டானேப்பா” என்றார்.

இளம்பரிதியின் முகத்தில் ரத்தம் ஏறியது. “தெரிஞ்சிகினே நின்னியாடா?”

“சொல்ல வந்தேண்ணே. வாய மூடச் சொன்னீங்க.”

அடிக்க ஓங்குகிற மாதிரி இரண்டடி வந்தான். சிங்காரவேலு குறுக்கே நின்றார். இளம்பரிதி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்ப் போனைத் தட்டினான். ஜாஸ்பரின் கையில் மறுபடி அதிர்ந்தது. அழைப்பு.

“சேந்துக்க. பன்னெண்டு மணி ஆனா தேதி மாறிடும், அதுக்குள்ள ஒத்துக்க” என்றான் இளம்பரிதி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. “தூதரா நீயே இருந்து தொல.”

ஜாஸ்பர் அழைப்பைத் திறந்து, வழக்கம்போல் கடைசி வரி வரைக்கும் படித்தான். புதிதாகச் சேர்பவர் முப்பது நாள்களுக்குத் தற்காலிக உறுப்பினர் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

“நைட் ஷிப்ட்ண்ணே” என்றான். “இப்பப் போயிக் கொஞ்சம் படுக்கணும். காலையில ஆறு மணிக்கு வெளிய வந்ததும் பாக்கறேன்.”

“டேய், பன்னெண்டோட முடிஞ்சிடும்னு சொல்றேன்.”

“மஸ்டர்ல இன்னைக்குத் தேதிதாண்ணே இருக்கும்.”

சிங்காரவேலு சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தார். ஜாஸ்பர் வண்டியை உதைத்தான். முதல் உதையில் கிளம்பவில்லை, இரண்டாவதில் கிளம்பியது. பின்னாலிருந்து இளம்பரிதி ஏசிய ஏச்சு அடுத்த பிளாக் திருப்பம் வரைக்கும் கேட்டது. அதில் ஒருமுறைகூடத் தூதர் என்ற சொல் வரவில்லை.

வீட்டில் லிடியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, சண்டையா சமாதானமா?” என்றாள்.

“வேல போயிடுச்சி” என்றான்.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எந்த வேலை என்று அவன் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.