நான் தூக்காத பிள்ளை

சில வருடங்களுக்கு முன்பு, ஆடி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மாதத்தில் தொடங்கியது இது. நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கிரீச்சில் நான் ஆயாவாக இருந்தேன். நான் படித்தது ரெண்டாம் வகுப்புதான். ஆனால் முப்பது வருட வேலையில் பிள்ளை வளர்ப்பில் என்னை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

என் கிரீச்சில் சத்தமே இருக்காது. பார்க்க வரும் எஸ்டேட் மேனேஜர் துரைகூட, "உள்ள பிள்ளைங்க இருக்கா, இல்லியா?" என்று சிரிப்பார். எனக்குத் தலை நிமிரும். நேரத்துக்குப் பால், நனைந்தால் உடனே மாற்றுத் துணி, எல்லாம் செய்வேன். அழுதால் மட்டும் தூக்க மாட்டேன். தூக்கினால் கைச்சூடு பழகிவிடும், அப்புறம் தாய்க்காரி நிம்மதியாக மலையேற முடியாது. பத்து நாள் அழும், பிறகு தானே அடங்கிவிடும். எனக்கு முன்னால் இருந்த ஆயாக்களும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த மாதம் பிரசவ லீவு முடிந்து ஒரு பெண் வந்தாள். எட்டு மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை, பூனைக்குட்டி போல இருந்தது.

"ஆயா, நெஞ்சோட சேத்து வெச்சுக்கோணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. பகல்ல என்னால முடியாதுங்க. நீங்க கொஞ்சம் மடியில போட்டு நாலு வார்த்தை பேசுங்க."

"உன்ற மகாராணிக்குக் கதை சொல்லோணுமா? நேத்துப் பெத்தவ எனக்குச் சொல்லித்தர வந்துட்டா! கூடைய எடுத்துட்டுப் போ, மேஸ்திரி கத்தறாரு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவக்கப் போய்விட்டாள். பிள்ளை நாலாம் நாளே அழுகையை நிறுத்தியது. "பாருங்கடி என்ற கைராசிய" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வயது தாண்டியும் அது உட்காரவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. எஸ்டேட்டில் நடந்த மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மா கை தட்டி, கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்துவிட்டு, பகலில் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று என் முறையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவர் சொன்னது இதுதான்: வளரும் மூளையில் வேண்டியதைவிட அதிகமாகவே உயிரணுக்கள் உண்டாகுமாம். எல்லாம் பிழைக்காதாம். ஒவ்வொன்றும் நீண்டு போய் இன்னொன்றைத் தொடவேண்டும். தொட்ட இடத்தில் ஒரு வளர்ச்சிச் சத்து கிடைக்கும். கிடைத்த அணு நிற்கும், கிடைக்காதது அழிந்துபோகும்.

"அந்தச் சத்து பால்ல வராதுங்கம்மா, மூளையே சுரக்கறது. தொட்டுத் தூக்கிப் பேசப் பேச நல்லாச் சுரக்கும். முன்னாடியே பொறந்த புள்ளைக்கு அந்த அரவணைப்பு இன்னும் வேணும்."

"அப்ப நான் தூக்கியிருந்தா?"

"அதனாலதான் இப்பிடின்னு சொல்ல முடியாதுங்கம்மா. அதனால இல்லவே இல்லைன்னும் என்னால சொல்ல முடியல."

தாய்க்காரி பக்கத்தில்தான் நின்றாள். பிள்ளையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இனிமேலாச்சும் தூக்குங்க ஆயா."

மற்ற பிள்ளைகள் தூக்கினதும் தோளில் சாயும், சேலையைப் பற்றும். இது விறகுக்கட்டை போல விறைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. ஒரு ஆளைப் பிடித்துக்கொள்வது எப்படி என்றே அதற்குத் தெரியவில்லை. அதை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு வேலையிலிருந்து நிற்கும் வரை அதை இடுப்பிலேயே வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் என் தோளில் கன்னத்தை வைத்தது. இப்போது நடக்கிறது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை, குன்னூருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார்கள். தாய்க்காரி என்னை இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

நான் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் இப்போது வளர்ந்து, பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். "நல்லா இருக்கீங்களா ஆயா?" என்று கேட்கும் அந்த முகங்களைப் பார்க்கும்போதெல்லாம், உனக்கு வரவேண்டியதில் எதை நான் தராமல் விட்டேன் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்க வாய் வராமல் கையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.